ஒரு மெகாஜூலுக்கு எத்தனை கிராம்? பயோடீசலை எடைபோடும் கணக்கு

சோயா எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலைப் பற்றிப் பெயர்பெற்ற இரண்டு முடிவுகள் உண்டு. 1998இல் அமெரிக்க வேளாண் துறையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, ஒரு பங்கு புதைபடிவ எரிசக்தியைச் செலவிட்டால் பயோடீசலாக 3.2 பங்கு திரும்பக் கிடைக்கிறது என்றது. 2005இல் டேவிட் பிமென்டலும் டாட் பாட்செக்கும் எழுதிய கட்டுரை, கிடைப்பதைவிட 27% அதிகமான புதைபடிவ எரிசக்தி உள்ளே போகிறது என்றது. 2011இல் அமெரிக்க வேளாண் துறை புதிய தரவுகளோடு மறுபடி கணக்கிட்டபோது விகிதம் 5.54 ஆனது.

மூன்றிலும் அதே சோயா, அதே வேதிவினை. வெறும் கூட்டல் கழித்தலால் வந்த வேறுபாடு அல்ல இது. எந்த இடுபொருளை எவ்வளவு என்று சேர்த்தார்கள், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கின் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றினார்கள் என்பதில்தான் வேறுபாட்டின் பெரும்பகுதி இருந்தது.

பயோடீசலின் நிலைத்தன்மையை மதிப்பிட உட்காருகிறவர்கள் இதைத்தான் முதலில் மனதில் வாங்க வேண்டும். ஆலையின் மின்மானியையும் நீராவிக் கணக்கையும் தசமப் புள்ளிவரை அளக்கிறார்கள். பயிர் வளர்ந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் 'விவசாய நிலம்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தீர்ப்பை மாற்றும் எண்களில் பெரும்பாலானவை ஆலையின் வாசலுக்கு வெளியே கிடக்கின்றன. அதனால் உழைப்பையும் அந்த விகிதத்தில்தான் பகிர வேண்டும்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

ஒரு பொருளின் சுமையை விளைவது முதல் எரிவது வரை கூட்டிப் பார்க்கும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற தரநிலைகள் இருக்கின்றன. உயிரி எரிசக்திக்கென்றே 2015இல் ஐ.எஸ்.ஓ. 13065 வந்தது. இவை வழிமுறையைச் சொல்கின்றன, விடையைச் சொல்வதில்லை. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதி வைக்கச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை நேர்மையாக எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அலகை லிட்டரில் வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் சாதாரண டீசலில் சுமார் 36 மெகாஜூல் எரிசக்தி இருக்கிறது, பயோடீசலில் 33. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் பயோடீசலுக்கு 8% சலுகை ஓசையில்லாமல் சேர்ந்துவிடும். ஒரு மெகாஜூலுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு என்று கேட்பதே சரி. எடைக்கணக்கில் பயோடீசலுக்கு ஒரு கிலோவுக்கு 37 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றிலும் இந்த எண்தான்.

ஒப்பீட்டுக் கோடாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆணையில் உள்ள 94 கிராமை எடுத்துக்கொள்வோம். புதைபடிவ எரிபொருளின் ஒரு மெகாஜூலுக்கு அந்த ஆணை வைத்திருக்கும் அளவு அது. 2021 தொடக்கத்திலிருந்து இயங்கத் தொடங்கிய ஆலைகளின் எரிபொருள் இதைவிட 65% குறைவாக, அதாவது 33 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆணை. அமெரிக்க விதிகள் பயோடீசலுக்கு 50% குறைப்பைக் கேட்கின்றன. ஆனால் இரு பக்கமும் கணக்கிடும் முறை வேறு, ஆகவே இந்த இரண்டு சதவீதங்களையும் அருகருகே வைத்து 'இது கடினம், அது எளிது' என்று சொல்ல முடியாது.

உலைக்குள் என்ன நடக்கிறது

நூறு கிலோ எண்ணெயோடு 11 கிலோ மெத்தனால் வினைபுரிந்தால் சுமார் 100 கிலோ மெத்தில் எஸ்டரும் (பயோடீசல் என்பது இதுதான்) 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரினும் கிடைக்கும். வினை முழுமையாக முன்னோக்கி நகர மெத்தனாலை இருமடங்கு, அதாவது 22 கிலோ ஊற்றுவார்கள். வினையூக்கியாகக் காஸ்டிக் சோடாவோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ எண்ணெயின் எடையில் 0.5 முதல் 1%. வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ், ஏனெனில் மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும்.

மிஞ்சிய 11 கிலோ மெத்தனால் எங்கே போகிறது என்பதே ஆலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வடித்து மீட்டால் அடுத்த தொகுதிக்கு ஆகும். மீட்காவிட்டால் அதில் பெரும்பகுதி கிளிசரினோடு வெளியேறும், மீதி கழுவுநீரோடு போகும். ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 20 மெகாஜூல் உண்டு. ஆக 100 கிலோ பயோடீசலின் 3,700 மெகாஜூலுக்கு எதிராக 220 மெகாஜூல், ஏறத்தாழ 6%, வீணாகிறது. சிறு ஆலைகளில் இதுதான் பெரிய ஓட்டை. மெத்தனால் கலந்த கிளிசரின் எளிதில் தீப்பற்றும், நச்சும்கூட. அதை மண்ணில் கொட்டுவதையோ உரக்குழியில் போடுவதையோ கண்டால் மதிப்பீட்டாளர் அங்கேயே நின்று எழுத வேண்டும்.

மெத்தனாலின் இன்னொரு பக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. சந்தையில் கிடைக்கும் மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. மெத்தில் ஓலியேட் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று மெத்தனாலின் கார்பன். எரியும்போது அது புதைபடிவ கார்பன் டை ஆக்சைடாகவே வெளியே வரும். 296 கிராம் எஸ்டருக்கு 44 கிராம், அதாவது மெகாஜூலுக்கு 4 கிராம். நூறு சதவீதம் பயோடீசல் ஊற்றினாலும் புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் நூறு சதவீதம் தாவர கார்பன் ஆகாது. அறிக்கையில் 'எரிப்பு உமிழ்வு பூஜ்யம்' என்று பார்த்தால், இந்த 4 கிராமையும் மெத்தனால் தயாரிப்பின் உமிழ்வையும் வேறு வரியில் சேர்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

மூலப்பொருளில் தனித்த கொழுப்பு அமிலம் 1 முதல் 2 சதவீதத்தைத் தாண்டினால் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அமில மதிப்பைச் சோதித்து இரண்டால் வகுத்தால் தனித்த அமிலத்தின் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும். அமில மதிப்பு 2 என்றால் 1%. எண்ணெய் வீணாவதோடு அந்தச் சோப்பு நிற்பதில்லை. கழுவும்போது பால்போலக் கலங்கி எஸ்டரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அமிலம் மிகுந்த எண்ணெய்க்குக் கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து முன்கூட்டியே எஸ்டராக்க வேண்டும். அதற்குக் கூடுதல் மெத்தனால், கூடுதல் வெப்பம், இடையில் நீர் நீக்கம். விளைச்சல் 98% என்று அறிக்கை சொன்னால், உள்ளே வந்த எண்ணெயின் அமில மதிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒன்று பொய்.

தரம் தவறிய எரிபொருளும் கணக்கில் வர வேண்டும். ஐரோப்பியத் தரநிலை இ.என். 14214 எஸ்டர் அளவு 96.5 சதவீதத்துக்குக் குறையாமலும், மொத்த கிளிசரின் 0.25%, மெத்தனால் 0.20% என்ற வரம்புகளுக்குள்ளும் இருக்கச் சொல்கிறது. தேறாத தொகுதி மறுபடி உலைக்குப் போனால் செலவு இரட்டிப்பு. கொதிகலனில் எரிக்கப்பட்டால் அது பயோடீசல் கணக்கிலிருந்தே கழிய வேண்டும்.

பிண்ணாக்கின் பங்கு

ஒரு டன் சோயாவிலிருந்து சுமார் 190 கிலோ எண்ணெயும் 800 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். உழுதது, உரம் போட்டது, அறுத்தது எல்லாம் இரண்டுக்கும் பொது. செலவை யார் தலையில் கட்டுவது?

கணக்குக்காக, அந்த ஒரு டன்னை விளைவிக்க 400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு ஆனது என்று வைத்துக்கொள்வோம். எடைப்படி பிரித்தால் எண்ணெய்க்கு 19%, மெகாஜூலுக்கு 11 கிராம். எரிசக்திப்படி பிரித்தால் எண்ணெய்க்கு ஏறத்தாழ 35%, அதாவது 20 கிராம். எண்ணெய் விலை ஏறிய ஒரு காலத்தில் சந்தை மதிப்புப்படி 45% என்று பிரித்தால் 26 கிராம். பிண்ணாக்குக்கு எதுவும் கொடுக்காமல் முழுவதையும் எண்ணெய் மேலேயே ஏற்றினால் 57 கிராம். வயலில் ஒரு பிடி மண்கூட மாறவில்லை, விடை மட்டும் ஐந்து மடங்கு விரிந்துவிட்டது.

ஐரோப்பிய ஆணை எரிசக்திப்படி பிரிக்கச் சொல்கிறது. ஒழுங்குமுறைக்கு இது வசதி, ஏனென்றால் விலைபோல ஆண்டுக்கு ஆண்டு ஆடாது. ஆனால் சோயாவைப் பெரும்பாலும் பிண்ணாக்குக்காகத்தான் பயிரிடுகிறார்கள் என்ற உண்மை அதில் தெரியாது. பிண்ணாக்கு எந்தத் தீவனத்தை இடம்பெயர்க்கிறதோ அதன் உமிழ்வைக் கழிக்கும் முறை உண்மைக்கு நெருக்கமானது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. எந்தத் தீவனத்தை இடம்பெயர்க்கிறது என்று மதிப்பீட்டாளரே தேர்ந்தெடுக்கிறார். சுமை அதிகமுள்ள தீவனத்தைத் தேர்ந்தால் எண்ணெயின் கணக்கு எதிர்மறையாகக்கூடப் போகும். ஒரே முறையில் கணக்கிட்டு ஒரே எண்ணைத் தருகிற அறிக்கையை நம்புவது கடினம். குறைந்தது இரண்டு முறைகளில் போட்டுக் காட்ட வேண்டும். தீர்ப்பு இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் அது தீர்ப்பு.

காட்டாமணக்கில் இந்தப் பிரச்சினை வேறு முகம் காட்டியது. அதன் பிண்ணாக்கில் போர்பால் எஸ்டர் என்ற நச்சு இருப்பதால் மாட்டுக்குப் போட முடியாது. எரிசக்திப்படி பங்கிட்டால் நச்சுப் பிண்ணாக்கும் பாதிச் சுமையைத் தாங்குவதுபோலத் தாளில் தெரியும். நடைமுறையில் அது உரமாகவோ விறகாகவோதான் ஆகும். துணைப்பொருளை உண்மையில் யாராவது வாங்கிப் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்த பின்பே அதற்குப் பங்கு கொடுக்க வேண்டும். கச்சா கிளிசரினுக்கும் இதே விதி.

உரமும் சிரிப்பூட்டும் வாயுவும்

வயலில் டிராக்டர் குடிக்கும் டீசலைவிட நைட்ரஜன் உரமே பெரும்பாலும் பெரிய செலவு. உரத்தைத் தயாரிக்க ஆகும் எரிவாயு ஒரு பக்கம். மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பூட்டும் வாயு, மறுபக்கம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நூறு ஆண்டுக் கணக்கில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் இயல்புநிலைக் காரணி, இட்ட நைட்ரஜனில் 1% இந்த வாயுவாக நேரடியாகப் போகும் என்கிறது. ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் போட்டு, ரேப்சீட் கடுகில் 1.4 டன் எண்ணெய் எடுத்தால் 1.5 கிலோ நைட்ரஜன் போகிறது. மூலக்கூறு எடைகளின்படி அதை 44ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 2.36 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. 273ஆல் பெருக்கினால் 643 கிலோ. அந்த ஹெக்டேரின் பயோடீசல் 51,800 மெகாஜூல். ஆக, பிண்ணாக்குக்குப் பங்கு கொடுக்கும் முன் மெகாஜூலுக்கு 12 கிராம்.

நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சனும் சக ஆய்வாளர்களும் 2008இல் இந்த 1 சதவீதத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். வளிமண்டலத்தில் ஏறியிருக்கும் வாயுவின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நீர்நிலைகள் வழியாகப் போவதையும் சேர்த்தால் 3 முதல் 5% வரும் என்றார்கள். 4% என்று வைத்தால் மேலே சொன்ன 12 கிராம் 50 கிராம் ஆகிவிடும். கடுகிலிருந்து எடுக்கும் பயோடீசல் உலகைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்ததன் காரணம் இதுதான். உண்மை மண்ணுக்கு மண் மாறும். ஈரமான களிமண்ணில் அதிகம், வடிகால் நல்ல மணற்பாங்கில் குறைவு. உரத்தைப் பயிர் கேட்கும் நேரத்தில் பிரித்துப் போட்டால் குறையும், மழைக்கு முன்னால் மொத்தமாகக் கொட்டினால் ஏறும். ஆகவே விவசாயியிடம் 'எவ்வளவு உரம்' என்பதோடு 'எப்போது, எத்தனை தவணை' என்றும் கேட்டு எழுதுங்கள்.

நிலத்தின் கடன்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

காட்டை வெட்டி எண்ணெய்ப் பயிர் வைத்தால், மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் முதல் சில ஆண்டுகளில் காற்றில் கலந்துவிடுகிறது. அதன்பின் ஆண்டுதோறும் கிடைக்கும் பயோடீசல் அந்தக் கடனைச் சிறுகச் சிறுக அடைக்கிறது. 2008இல் சயின்ஸ் இதழில் ஜோசப் பார்ஜியோனும் சக ஆய்வாளர்களும் இதைக் 'கார்பன் கடன்' என்ற பெயரில் கணக்கிட்டார்கள். தென்கிழக்காசியத் தாழ்நில மழைக்காட்டை எண்ணெய்ப் பனையாக்கினால் கடன் தீர 86 ஆண்டுகள். அந்தக் காடு பீட் எனப்படும் கரிச்சதுப்பில் நின்றிருந்தால் 400 ஆண்டுகளுக்கு மேல். பிரேசிலின் செராடோ புல்வெளியைச் சோயா வயலாக்கினால் 37 ஆண்டுகள்.

இதை ஒரு மெகாஜூலுக்குக் கொண்டுவரும் வழி எளிது. ஹெக்டேருக்கு இழந்த கார்பனை 3.664ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடாகும். ஐரோப்பிய விதி அதை 20 ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்கிறது. பிறகு ஓராண்டில் அந்த ஹெக்டேர் தரும் எரிசக்தியால் வகுக்க வேண்டும். 100 டன் கார்பன் நிகர இழப்பு என்று கொள்வோம். 366 டன் கார்பன் டை ஆக்சைடு, ஆண்டுக்கு 18.3 டன். எண்ணெய்ப் பனை ஹெக்டேருக்கு 4 டன் எண்ணெய் தந்தால் 148,000 மெகாஜூல். விடை 124 கிராம். இது நிலத்துக்கு மட்டும். உரம், ஆலை, போக்குவரத்து எதையும் சேர்க்கும் முன்பே 94 என்ற கோடு தாண்டப்பட்டுவிட்டது.

இதே கணக்கில் 20க்குப் பதில் 30 என்று போட்டுப் பாருங்கள். 124 என்பது 82 ஆகிறது. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது! அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பயன்படுத்துவது இந்த 30தான். காட்டுக்கு நேர்ந்தது இரண்டு கணக்கிலும் ஒன்றே. கடனை எத்தனை ஆண்டுத் தவணையாகப் பிரிப்பது என்ற முடிவு தீர்ப்பையே புரட்டுகிறது. அதனால் பரப்பிய ஆண்டுகளின் எண்ணிக்கையை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் விடையின் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

சோயாவுக்கு இது இன்னும் கடுமை. ஹெக்டேருக்கு அரை டன் எண்ணெய்தான் கிடைக்கிறது. அதே 100 டன் இழப்பு மெகாஜூலுக்குக் கிட்டத்தட்ட 990 கிராம். பிண்ணாக்குக்கு உரியதைக் கழித்து 35% மட்டும் எண்ணெய் மேல் வைத்தாலும் 346.

பீட் நிலத்தில் கடன் ஒருமுறையோடு முடிவதில்லை. தண்ணீரை வடித்த கரிச்சதுப்பு, பனை நிற்கும் ஆண்டெல்லாம் மக்கி எரிந்துகொண்டே இருக்கும். ஐ.பி.சி.சி.யின் 2013ஆம் ஆண்டு ஈரநிலத் துணைக் கையேடு, வடிக்கப்பட்ட பீட்டில் உள்ள எண்ணெய்ப் பனைக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 டன் கார்பன் என்கிறது. 40 டன் கார்பன் டை ஆக்சைடு அது. 148,000 மெகாஜூலால் வகுத்தால் 270 கிராம், டீசலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆலையில் எந்தச் சீர்திருத்தமும் இந்த எண்ணைத் தொடாது. வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் குறையும், ஆனால் பனை அப்போது வாடும்.

ஐரோப்பிய விதி 2008 ஜனவரியைக் கோடாக வைக்கிறது. அதற்குப் பின் அழிக்கப்பட்ட காட்டிலிருந்தோ ஈரநிலத்திலிருந்தோ வந்த எண்ணெய் சேராது. மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது, தோட்டத்தின் எல்லைப் புள்ளிகளை வாங்கி, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் வைத்துப் பார்ப்பது. எல்லைப் புள்ளிகள் இல்லை, ஆலைமுகவரிதான் உண்டு என்று சொன்னால் அது பதிலாகாது, ஏனென்றால் பழக்குலைகள் ஆலையைச் சுற்றியுள்ள பல கிலோமீட்டர் வட்டத்திலிருந்து வருகின்றன.

இந்த வடிகட்டியும் போதாது. பழைய வயலில் விளைந்த கடுகு எண்ணெயை எரிபொருளுக்குத் திருப்பினால், சமையலுக்கு அந்த எண்ணெயை வாங்கியவர்கள் வேறெங்கோ பாமாயில் வாங்குவார்கள். அங்கே ஒரு காடு விழலாம். இந்த மறைமுக நிலமாற்றத்தை வயலில் போய் அளக்க முடியாது, பொருளாதார மாதிரிகளில்தான் கணக்கிட முடியும். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் எண்ணெய்ப் பயிர்களுக்கு மெகாஜூலுக்கு 55 கிராம் என்று தற்காலிக மதிப்பை வெளியிட்டது. அதே காலத்தில் குளோபியம் என்ற மாதிரி பாமாயிலுக்கு 231, சோயாவுக்கு 150, கடுகுக்கு 65 என்றது. எண்கள் இவ்வளவு விலகி நிற்பதைக் காட்டி 'நிச்சயமில்லாததைச் சேர்க்க வேண்டாம்' என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சேர்க்காமல் விடுவதும் ஒரு எண்தான், பூஜ்யம் என்ற எண். விவாதத்தில் உள்ள எல்லா எண்களிலும் உண்மையிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அநேகமாக அந்தப் பூஜ்யமே.

'தரிசில்தான் வளர்க்கிறோம்' என்ற பதிலையும் சோதிக்க வேண்டும். கடுமையாகச் சீரழிந்த நிலத்துக்கு ஐரோப்பிய விதி 29 கிராம் சலுகை தருகிறது. ஆனால் பதிவேட்டில் தரிசு என்று இருப்பது ஊர் மக்களின் மேய்ச்சலாக, விறகுக்காடாக இருப்பது வழக்கம். காட்டாமணக்கு இந்த நம்பிக்கையில்தான் 2000களில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெருவாரியாக நடப்பட்டது. அது வறட்சியில் உயிர்பிழைக்கும். உயிர்பிழைப்பது வேறு, காய்த்துத் தள்ளுவது வேறு. நீரும் உரமும் இல்லாமல் வாக்களித்த விளைச்சல் வரவில்லை. 2009இல் இந்தியா அறிவித்த உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20% கலப்பை இலக்காக வைத்தது. பயோடீசல் அந்த இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. மற்ற எல்லாக் கணக்கிலும் வகுக்கும் எண்ணாக நிற்பது ஹெக்டேர் விளைச்சல். அதை நாற்றங்கால் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், குறைந்தது மூன்று நான்கு அறுவடைகளின் எடைச்சீட்டுகளிலிருந்து எடுக்க வேண்டும்.

கழிவுநீர்க் குட்டை

ஆலைப் பக்கம் உண்மையிலேயே பெரிய எண் ஒன்று உண்டு, ஆனால் அது பயோடீசல் உலையில் இல்லை, பாமாயில் பிழியும் ஆலையின் பின்புறக் குட்டையில் இருக்கிறது. ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் 3 கன மீட்டர் கழிவுநீர். அதிலுள்ள கரிமக் கழிவை 'வேதி ஆக்சிஜன் தேவை' என்ற அளவால் சொல்வார்கள், கன மீட்டருக்கு அது ஏறத்தாழ 50 கிலோ. மொத்தம் 150 கிலோ. ஆழமான திறந்த குட்டையில் ஒரு கிலோவுக்கு 0.25 கிலோ மீத்தேன் என்ற உச்சத்தில் 80% என்று கொண்டால் 30 கிலோ மீத்தேன். கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக்க 27ஆல் பெருக்கினால் 810 கிலோ, மெகாஜூலுக்கு 22 கிராம்.

இது சரிதானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஆணையின் அட்டவணை, திறந்த குட்டையுள்ள பாமாயில் பயோடீசலுக்கு 20% குறைப்பும், மீத்தேனைப் பிடிக்கும் ஆலைக்கு 45% குறைப்பும் இயல்புநிலையாகத் தருகிறது. இடைவெளி 25 புள்ளிகள், 94இல் 23.5 கிராம். நம் கணக்கு அருகில்தான் நிற்கிறது. குட்டையை மூடி வாயுவை எரிப்பது பழகிய தொழில்நுட்பம். செய்யாமல் விடுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை.

பயன்படுத்திய எண்ணெய்

அதே அட்டவணையில் பயன்படுத்திய சமையல் எண்ணெய்க்கு 84% குறைப்பு. காரணம், அது 'கழிவு' என்பதால் சேகரிக்கும் இடம்வரை உமிழ்வு பூஜ்யம். எல்லோரும் இதை விரும்புவது இயல்பு. ஆனால் அந்தப் பூஜ்யம், எண்ணெய் வேறு யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போயிருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. முன்பு அது சோப்புக்கோ தீவனத்துக்கோ போய்க்கொண்டிருந்தால், இப்போது அவர்கள் வேறு எண்ணெய் வாங்குகிறார்கள். அப்போது பூஜ்யம் பூஜ்யமல்ல. விலங்குக் கொழுப்பிலும் இதேதான். கொழுப்பு உருக்கும் ஆலை அதைத் தன் கொதிகலனில் எரித்து வந்திருந்தால், அதை விற்ற நாளிலிருந்து அங்கே வேறொரு எரிபொருள் எரிகிறது.

கழிவெண்ணெய்க்கு விலை ஏறும்போது புதிய எண்ணெயைக் கழிவு என்று சொல்லி விற்கும் ஆசையும் வரும். பிடிக்க வழிகள் உண்டு. கொடுத்தவர் எவ்வளவு புதிய எண்ணெய் வாங்கினார் என்ற சீட்டும், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்ற சீட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். பொரித்ததில் கணிசமான பங்கு உணவோடு போயிருக்கும், வாங்கியதற்குச் சமமாகத் திரும்ப வர முடியாது. பொரிக்கும்போது உருவாகும் துருவச் சேர்மங்களின் அளவையும் அமில மதிப்பையும் சோதித்தால் எண்ணெய் உண்மையில் சூடேறியதா என்று தெரியும். வாங்கியது, விற்றது, இருப்பு மூன்றும் ஒவ்வொரு கைமாறலிலும் கூடி வர வேண்டும்.

சேகரிக்கும் வண்டியின் தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். 200 கிலோமீட்டர் சுற்றி 2 டன் எண்ணெய் கொண்டுவரும் வண்டி 40 லிட்டர் டீசல் குடித்தால் மெகாஜூலுக்கு 2 கிராம்கூட இல்லை. அதே வண்டி 200 கிலோவோடு திரும்பினால் 17 கிராம். ஆகத் தூரத்தைவிடச் சுமைதான் முக்கியம். கடல்வழியும் அப்படித்தான், 10,000 கிலோமீட்டர் கப்பலில் வந்தாலும் மூன்று கிராம் அளவுக்குள் அடங்கிவிடும். உள்ளூர் எண்ணெய் என்பதாலேயே நல்லது என்று எழுதக் கூடாது.

கிராமில் அடங்காதவை

உலக உயிரி எரிசக்திக் கூட்டமைப்பு 2011இல் 24 குறியீடுகளை வெளியிட்டது. சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் ஒவ்வொன்றுக்கும் எட்டு. நீர், மண், உயிரினப் பன்மை, நில உரிமை, கூலி, உணவு விலை எல்லாம் அதில் வருகின்றன. இவற்றை எடை கொடுத்துக் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கும் பழக்கம் ஆபத்தானது. நிலத்தை இழந்த குடும்பத்தின் கணக்கை, சேமித்த கார்பன் ஈடுசெய்துவிட்டதாகத் தாள் சொல்லும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். நில உரிமை தகராறில் இருந்தால் அங்கேயே மதிப்பீடு நிற்கட்டும்.

நீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் பயோடீசலுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் நீர் என்று சொல்லும் எண்களில் பெரும்பகுதி மழைநீர். காட்டில் விழுந்தாலும் அந்த மழை ஆவியாகத்தான் போகும். ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ இறைத்ததைத் தனியாக எழுதி, அந்தப் படுகையில் அது எவ்வளவு அரிது என்று சேர்த்தால்தான் பொருள் உண்டு. ஆலையின் கழுவுநீர் அளவில் சிறியது, ஆனால் சோப்பும் மெத்தனாலும் கலந்தது. குளத்தில் விட்டால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும்.

புகையில் நன்மை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002இல் தொகுத்தபடி, சோயா பயோடீசலை 20% கலந்தால் நுண்துகள் 10%, கார்பன் மோனாக்சைடு 11%, எரியாத ஹைட்ரோகார்பன் 21% குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு 2% ஏறுகிறது. துகள் வடிகட்டி பொருத்திய புதிய எஞ்சின்களில் இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும்.

எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி

ஒரு லிட்டர் நல்லதாக இருப்பது, கோடி லிட்டரும் நல்லதாக இருக்கும் என்பதற்குச் சான்றாகாது. ஆண்டுக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒரு கனரக லாரி, நூறு கிலோமீட்டருக்கு 33 லிட்டர் என்றால் 33,000 லிட்டர் டீசல் குடிக்கிறது. அதை முழுவதும் பயோடீசலாக மாற்றினால் 36,000 லிட்டர். எண்ணெய்ப் பனையில் ஹெக்டேருக்கு 4,500 லிட்டர் என்றால் எட்டு ஹெக்டேர். சோயாவில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 550 லிட்டர், எனவே 65 ஹெக்டேர், அதோடு யாராவது தின்றாக வேண்டிய நூறு டன்னுக்கு மேற்பட்ட பிண்ணாக்கு. பயன்படுத்திய எண்ணெய் என்றால், ஒரு சமையற்கூடம் வாரத்துக்கு 20 லிட்டர் கொடுத்தாலும் முப்பத்தைந்து கூடங்கள் ஆண்டு முழுக்கச் சேர்த்தால்தான் அந்த ஒரு லாரி ஓடும். ஒரு திட்டத்தின் அறிக்கையைக் கையில் வாங்கினால், முதலில் அது எத்தனை லாரிகளுக்கு என்று பார்த்து, அத்தனை ஹெக்டேரும் அத்தனை சமையற்கூடமும் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள்.